டிஃபரன்ஷியல் ஆயில் கூலர்: உங்கள் காரில் இருக்கிறதா? எப்படிச் சரிபார்ப்பது?

எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். ஹேண்ட்பிரேக்கை விட மறந்தால்கூட எரியும். ஆனால் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலில் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தீர்ந்தாலும், பெரும்பாலான கார்களில் எந்த விளக்கும் எரியாது. முதலில் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளைச் சத்தம் வரும். 'டயர் சத்தம்தான்'னு விட்டுட்டா, ஓடும்போதே பற்கள் உடைந்து பின் சக்கரங்கள் இறுகிக்கொள்ளும் அபாயம் உண்டு.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல்.

அப்படியானால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால்தான் அது சூடாகுமா? இல்லை. சூட்டின் பெரும்பகுதி வளைவால் வருவதில்லை. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை 90 டிகிரி திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்பும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல் சக்கரங்கள் உள்ளே இருக்கின்றன. இவற்றின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, அழுத்தத்துடன் வழுக்கவும் செய்கின்றன. அந்த உராய்வுதான் சூடு. பாரமும் வேகமும் கூடக் கூட அதுவும் கூடும். இதற்காகவே ஜி.எல்-5 தரத்தில் கந்தகம் கலந்த தனி கியர் ஆயில் ஊற்றுகிறார்கள். திறந்தாலே மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தால் வருவது.

சாதாரண ஓட்டத்தில், அடியில் அடிக்கும் காற்றே இந்தச் சூட்டைத் தணித்துவிடும். ரேஸ் டிராக்கில் நிலைமை வேறு. 20 நிமிடம் விடாமல் முழு வேகத்தில் ஓட்டினால் ஆயில் கொதிநிலைத் தண்ணீரைவிடச் சூடாகி, நீர்த்து, பற்களுக்கு இடையே நிற்கும் படலம் மெலிந்துபோகும். கூலரின் வேலை அங்கேதான். ஒரு சிறிய மின் பம்ப் ஆயிலை வெளியே இழுத்து, குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடவிட்டு, குளிர்ந்ததும் திரும்ப உள்ளே அனுப்புகிறது. செவர்லே கமாரோ 1எல்இ, ஃபோர்டு ஷெல்பி ஜிடி350 போன்ற கார்களின் சில வகைகளில் கம்பெனியே இதைப் பொருத்தித் தந்தது.

உங்கள் காரில் இருக்கிறதா? ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி முன்சக்கர இயக்கக் கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது; இரண்டுக்கும் ஒரே ஆயில். இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், பொலேரோ, தார் போன்றவற்றில் பின் அச்சில் தனியாக இருக்கும், ஆனால் கூலர் கிடையாது. யாராவது மாடிஃபை செய்த காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால்தான் கூலர் இருக்க வாய்ப்பு. லடாக் போறோம்னு சொன்னதும் 'கூலர் போட்டுடலாம் சார்' என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்பதே என் கருத்து. ஒவ்வொரு ஹோஸும் ஒவ்வொரு இணைப்பும் ஆயில் ஒழுக இன்னும் ஓர் இடம். கல் தெறிக்கும் பாதையில் அது தேவையில்லாத ரிஸ்க்.

ஏற்கெனவே இருந்தால் இப்படிப் பாருங்கள். ரேடியேட்டர் தகடுகளில் சேறு அடைத்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா, இணைப்புகளில் ஈரப் பிசுக்கு தெரிகிறதா? வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பம்ப் சத்தம் கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும் என்பதால், குறிப்பிட்ட சூடு வந்த பிறகே ஓடும்படி பல பம்புகளை அமைத்திருப்பார்கள். நன்றாக ஓட்டிச் சூடேற்றிய பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரு ஹோஸ்களையும் அளந்து பாருங்கள். (கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி உதவாது, அது உடல் சூட்டுக்கானது.) கூலருக்குப் போகும் ஹோஸ் சூடாகவும், திரும்பும் ஹோஸ் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் ஆயில் ஓடுகிறது. டிஃபரன்ஷியல் கொதிக்கும்போது இரண்டு ஹோஸுமே ஆறிக் கிடந்தால் ஃபியூஸ், சென்சார், பம்ப் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலர் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தெருவில் முழங்கால் அளவு வெள்ளத்தில் ஓட்டினீர்களா? சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் 'பிரீதர்' என்ற காற்றுத் துளை மண்ணால் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரையே உள்ளே இழுத்துவிடும். அந்த ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கும். கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

அளவு பார்க்க இதில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டி சமதரையில், ஆறிய நிலையில் இருக்கும்போது பக்கவாட்டில் உள்ள ஊற்றும் துளையின் போல்ட்டைத் திறந்தால், பெரும்பாலான வண்டிகளில் ஆயில் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். ஆயில் மாற்றும்போது மெக்கானிக்கிடம் இதை முதலில் திறக்கச் சொல்லுங்கள். கீழே இருக்கும் வடிகால் போல்ட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேலே உள்ளது துருவேறிக் கழலாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புத் துண்டு கிடைத்தால் டிஃபரன்ஷியலைப் பிரிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.