கூரைச் சூரிய மின்சாரமும் வீட்டின் மின் இணைப்பும்

மைசூருக்குக் கிழக்கே, காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து பாறைகளினின்று வீழும் சிவசமுத்திரத்தில், 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அங்கு உண்டான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்குக் கம்பி வழியே சென்றது. இத்திட்டத்திற்கு ஊக்கமளித்த திவான் சேஷாத்ரி ஐயர் அம்மின்சாரத்தைக் காணுமுன்பே, 1901-இல் காலமானார். சிவசமுத்திரத்தின் முதல் யந்திரங்கள் வினாடிக்கு 25 சுழல் கொண்ட மாறு மின்சாரத்தை அளித்தன. இன்று நாடெங்கும் வழங்குவதோ 50 சுழல் கொண்டது. இவ்விரண்டையும் நேரடியாக இணைத்தல் இயலாது. இடையே அதிர்வெண்ணை மாற்றும் யந்திரம் ஒன்று வேண்டும்.

அன்று மின் நிலையங்களை இணைத்த பொறியியலறிஞர்கள் எண்ணிப் பார்த்த இப்பொருத்தப் பிரச்சினை, இன்று அதே மைசூரில் வீட்டுக்கு வீடு எழுந்துள்ளது. சரஸ்வதிபுரம், குவெம்பு நகர் முதலிய பகுதிகளின் மொட்டை மாடிகளில் அமையும் சூரியத் தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மின் நிலையத்தின் உறுப்பே. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டினருக்கு 78,000 ரூபாய் மத்திய அரசின் மானியம் வகுக்கப்பட்டது. ஆதலின், கூரையில் எத்தனை தகடுகளுக்கு இடமுண்டு என்பதையே பலரும் முதலில் கணக்கிடுகின்றனர். வீட்டினுள் வந்து சேரும் கம்பி எவ்வளவு தாங்கும் என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வியாகும்.

தகடுகள் தருவது நேர் மின்சாரம். அதனை 230 வோல்ட்டும் 50 சுழலும் கொண்ட மாறு மின்சாரமாக்கித் தெருக் கம்பியின் அலையோடு இசைவித்து அனுப்பும் கருவியே இன்வெர்ட்டர். கால்வாயின் நீர்மட்டத்தைவிடக் கிணற்றின் நீர்மட்டம் சற்றேனும் உயர்ந்தாலன்றிக் கிணற்று நீர் கால்வாய்க்குப் பாயாது. அவ்வாறே, வீட்டிலிருந்து தெருவுக்கு மின்சாரம் செல்ல வேண்டுமாயின், வீட்டின் மின்னழுத்தம் தெருவின் மின்னழுத்தத்தை விட உயர்ந்திருத்தல் வேண்டும். எவ்வளவு உயரும் என்பதைக் கம்பியின் தடையே நிர்ணயிக்கிறது.

ஒருமுனை இணைப்புக் கொண்ட பழைய வீடு ஒன்றைக் கருதுவோம். அனுமதிக்கப்பட்ட மின்சுமை 3 கிலோவாட். அதாவது சுமார் 13 ஆம்பியர். தெருக் கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் கம்பி நெடுங்காலத்துக்கு முன் இடப்பட்டது, மெல்லியது, போக்கும் வரவுமாக அதன் தடை மொத்தம் அரை ஓம் எனக் கொள்வோம். இவ்வீட்டில் 5 கிலோவாட் இன்வெர்ட்டரைப் பொருத்தினால், உச்சி வெயிலில் அது ஏறக்குறைய 22 ஆம்பியரைத் தரும். வீட்டில் எவரும் இல்லாத பகலில் இது முழுவதும் தெருவுக்குச் செல்லவேண்டும். அப்பொழுது கம்பியில் மட்டும் 11 வோல்ட் ஏற்றம் உண்டாகும். நண்பகலில் தெருக் கம்பியில் 243 வோல்ட் இருக்குமாயின், வீட்டில் 254 வோல்ட் ஆகிவிடும்.

மத்திய மின்சார ஆணையம் 2013-இல் வகுத்த விதிகளின்படி, மின்னழுத்தம் இயல்பளவில் 110 விழுக்காட்டைக் கடந்தால், இத்தகைய அமைப்பு 2 வினாடிகளுக்குள் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டில் 110 விழுக்காடு 253 வோல்ட். எனவே வெயில் மிகக் கடுமையாயிருக்கும் வேளையிலேயே அவ்வீட்டின் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது, சிறிது நேரத்தில் மீண்டும் இணைகிறது, மீண்டும் நிற்கிறது. வீட்டுக்காரர் கருவி பழுதென்று எண்ணுவார். கருவியோ தன் கடமையையே செய்கிறது. குறை கம்பியில் உள்ளது.

இதற்குப் பரிகாரம் மூன்று. கம்பியைப் பருமனானதாக மாற்றலாம். சிறிய இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கலாம். 60 பாகை வரை சூடேறிய தகடு தன் குறித்த அளவைவிடச் சுமார் 12 விழுக்காடு குறைவாகவே தருமாதலால், 5 கிலோவாட் தகடுகளுக்கு 4 கிலோவாட் இன்வெர்ட்டர் வைப்பதால் பெரிய நஷ்டமில்லை. மூன்றாவது, மும்முனை இணைப்புப் பெறுவது. இதன் பயன் வியக்கத்தக்கது. அதே 5 கிலோவாட் மூன்று கம்பிகளில் சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 7.2 ஆம்பியரே ஓடும். நியூட்ரல் கம்பியில் மின்னோட்டமே இராது. எனவே ஒரு கம்பியின் கால் ஓம் தடை மட்டுமே கணக்கில் வரும். ஏற்றம் 11 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டாக, ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எத்தனை கிலோவாட் வரை ஒருமுனை போதும், எதற்கு மேல் மும்முனை வேண்டும் என்பதை, மைசூருக்கு மின்சாரம் வழங்கும் சாமுண்டேசுவரி மின் வழங்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

கம்பியின் தடையை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தேர்ந்த மின்பணியாளர் ஒருவர் மீட்டர்ப் பலகையில் வோல்ட்டுமானியை வைத்துக்கொண்டு, 2 கிலோவாட் வெந்நீர்க் கொதிகலனைப் போட்டு நிறுத்திப் பார்த்தால் போதும். அது ஏறக்குறைய 8.7 ஆம்பியரை எடுக்கும். அப்பொழுது மின்னழுத்தம் 4 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக இறங்கினால், தடை அரை ஓம் என்று அறியலாம். சுமையினால் இறங்கும் அதே கணக்கில்தான் சூரிய மின்சாரத்தினால் ஏறவும் செய்யும். தகடுகளை வாங்கும் முன் இச்சோதனையைச் செய்வோர் மிகச் சிலரே.

வீட்டினுள் மற்றோர் ஆபத்து மறைந்துள்ளது. இன்வெர்ட்டரின் கம்பியை அருகிலுள்ள ஏதேனும் ஒரு கிளைச் சுற்றில் இணைத்துவிடுதல் சுலபம். அச்சுற்றின் கம்பி 32 ஆம்பியர் தாங்குவது. தெருப்பக்கம் 32 ஆம்பியர் பிரேக்கர் காவல் நிற்கிறது. இப்பொழுது தெருவிலிருந்து 32 ஆம்பியரும் கூரையிலிருந்து 22 ஆம்பியரும் ஒரே கம்பியில் சேர்ந்து 54 ஆம்பியர் ஓடக்கூடும். பிரேக்கர் தன் வழியே செல்லும் 32-ஐ மட்டுமே அறியும், ஆதலின் விழாது. கம்பி மட்டும் சூடேறி உருகும். ஆகவே இன்வெர்ட்டருக்கெனத் தனிக் கம்பியும் தனிப் பிரேக்கரும் அமைத்து, இரண்டு மின்னோட்டங்களையும் சேர்ந்து தாங்கவல்ல முதன்மைப் பலகையிலேயே இணைத்தல் வேண்டும்.

மின்தடை நேரும்போது கூரையில் வெயில் காய்ந்தும் வீடு இருண்டிருப்பதைக் கண்டு பலர் ஏமாற்றமடைகின்றனர். இதற்குக் காரணம் உண்டு. பழுது பார்ப்பதற்காகத் தெருவின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பணியாளர் கம்பத்தில் ஏறியிருக்கையில், ஒரு வீட்டிலிருந்து 230 வோல்ட் பின்னோக்கிச் சென்றால், தெருவின் மின்மாற்றி அதனை மறுபுறம் 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். ஓர் உயிரைப் போக்க அது போதுமானது. ஆகையால் தெருக் கம்பி உயிரற்றதும் சாதாரண இன்வெர்ட்டர் தானும் நிற்குமாறு செய்யப்பட்டுள்ளது. மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுவோர் பாட்டரியுடன் இணைந்த கலப்பு வகை இன்வெர்ட்டரை நாடவேண்டும். தெருவினின்று தன்னை முற்றிலும் பிரித்துக்கொண்ட பின்னரே, அது தன் தனி வாயிலின் வழியே, அதற்கென ஒதுக்கிய சில விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் மின்சாரம் தரும்.

பாட்டரியைத் தேர்வதில் இரு அளவுகளைக் குழப்பிக்கொள்ளலாகாது. 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 4.8 யூனிட் அடங்கும். ஈய-அமில வகையாயின் அதில் பாதியைப் பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நலம். 600 வாட் சுமைக்கு அது நான்கு மணி நேரம் வரும். இது நீடிப்பின் அளவு. ஒரு நொடியில் எவ்வளவு தரமுடியும் என்பது வேறு. ஆழ்குழாய்க் கிணற்றின் 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேலாகவே எடுப்பினும், தொடங்கும் கணத்தில் அதன் மின்னோட்டம் ஐந்தாறு மடங்காகும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது நின்றுவிட, முன்பு எரிந்துகொண்டிருந்த விளக்கும் அணையும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒருமுனைப் பாட்டரி இன்வெர்ட்டரை வைப்போர், எந்த அறைகள் அந்த ஒரு முனையில் இருக்கவேண்டும் என்பதை முன்பே வகுத்துச் சுற்றுகளைப் பிரித்துக்கொள்ளல் வேண்டும்; மும்முனை மோட்டாரை அதனால் இயக்கவே முடியாது.

மோட்டாரை மாலையில் போடும் வழக்கமுள்ள வீட்டினர் அதை நண்பகலுக்கு மாற்றிக்கொள்வதிலும் பயனுண்டு. மேற்சொன்ன பழைய வீட்டில் ஒன்றரைக் கிலோவாட் மின்சாரம் தெருவுக்குச் செல்லாது உள்ளேயே செலவானால், வீட்டின் மின்னழுத்தம் மூன்று வோல்ட்டுக்கு மேல் தணியும். 254 வோல்ட்டில் நின்றுவிட்ட இன்வெர்ட்டர், 251 வோல்ட்டில் தொடர்ந்து ஓடும்.