ஒரே எத்திலீன், இரண்டு பிளாஸ்டிக்

பால் பாக்கெட்டும் தண்ணீர் இறைக்கும் கறுப்புக் குழாயும் பாலிஎத்திலீனால் ஆனவை. ஒன்று விரலால் இழுத்தாலே நீளும். மற்றது மண்ணுக்கடியில் பல்லாண்டுகள் அழுத்தம் தாங்கும். இரண்டின் மூலக்கூறுகளிலும் கார்பனும் ஹைட்ரஜனுமே உள்ளன. வேறுபாடு அவற்றின் வடிவத்தில்தான்.

மூலப்பொருளான எத்திலீன் நிறமற்ற வாயு. அதன் இரு கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உண்டு. அதில் ஒன்று திறந்தால் மூலக்கூறு பக்கத்திலிருப்பதைப் பற்றிக்கொள்ளும். அது அடுத்ததைப் பற்றும். ஆயிரக்கணக்கில் இப்படிச் சேர்ந்த சங்கிலியே பலபடி, அதாவது பாலிமர். ரப்பர் போன்றவை இத்தகைய நீண்ட சங்கிலிகளே என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. சிறு மூலக்கூறுகளின் திரள் என்பதே அன்றைய கருத்து. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாலிஎத்திலீன் தொழில்துறைக்கு வந்தது எதிர்பாராமல்தான். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஃபாசெட்டும் கிப்சனும் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார்கள். நினைத்த வினை நடக்கவில்லை. மெழுகுபோன்ற வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. அதை மீண்டும் நம்பகமாக உருவாக்க 1935 வரை ஆயிற்று. எத்திலீனில் கலந்திருந்த துளி ஆக்சிஜன்தான் சங்கிலியைத் தொடங்கிவைத்தது என்பது பிறகே புரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கேபிள்களுக்கு இது மின்காப்பாகப் பயன்பட்டது.

இந்த உயர் அழுத்த முறையில் ஒரு விசித்திரம் நடக்கிறது. வளரும் சங்கிலியின் முனை சில வேளைகளில் பின்புறமாக வளைந்து தன் உடலிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கிய இடத்திலிருந்து புதுக் கிளை வளரும். கிளைகளோடு கட்டிய முள்விறகைப் போல இந்தச் சங்கிலிகள் நெருங்கி அடுக்கி அமைவதில்லை. அதனால் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 0.92 கிராம்தான், ஏறக்குறைய 110 டிகிரியிலேயே உருகிவிடும். பால் பாக்கெட்டின் மென்மை இதில்தான்.

கிளையில்லாச் சங்கிலிக்கு வழி காட்டியவர் கார்ல் சீக்லர். 1953இல் அவர், அலுமினியச் சேர்மமும் டைட்டானியம் குளோரைடும் சேர்ந்த வினையூக்கியால் சாதாரண அழுத்தத்திலேயே எத்திலீனைக் கோத்தார். ஒவ்வொரு மூலக்கூறும் வினையூக்கியின் பரப்பில் வரிசையாகச் சேர்வதால் சங்கிலி நேராக வளர்கிறது. அடர்த்தி சுமார் 0.95, உருகுநிலை 130 டிகிரியை ஒட்டி. மறு ஆண்டே இத்தாலியின் ஜூலியோ நாட்டா இதே வகை வினையூக்கியால் புரோப்பிலீனை ஒழுங்காகக் கோத்தார். 1963 நோபல் பரிசு இருவருக்கும். மலிவான வாயுவிலிருந்து உறுதியான பொருள் செய்யக் கற்றுத்தந்த இந்த வினையூக்கி, இருபதாம் நூற்றாண்டு வேதியியலின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று.

பாலிஎத்திலீனில் ஒரு சங்கிலிக்குள் பிணைப்பு வலிமையானது. சங்கிலிகளுக்கு இடையே ஈர்ப்பு மெலிது. சூடேற்றினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆறினால் இறுகும். எனவே உருக்கி வேறு வடிவில் வார்க்கலாம். ஆனால் 1907இல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கில் சங்கிலிகளுக்கு இடையிலும் வலிமையான பிணைப்புகள் உண்டு. முழுதும் ஒரே வலைப்பின்னல். அதனால் அது சூட்டில் உருகாது, கரிந்தே போகும்.