செடிக்கும் ஒரு பெஞ்ச் மார்க்!

சர்வே என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தோளில் செயின், கையில் ரேஞ்சிங் ராடு, உச்சி வெயில், ராத்திரி அரிக்கேன் மாதிரி மினுக்கும் பல்பு வெளிச்சத்தில் டேலி ஆகாத லெவலை எப்படியாவது டேலி ஆக்கும் திருட்டு வேலை! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு சர்வே கேம்ப் போகும் வரை.

மூன்றாம் நாள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு புதர் பார்வையை மறைத்தது. அரிவாளை வாங்கி நான்தான் வெட்டினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்தார். "என்ன தம்பி, அத போய் வெட்டிட்டீங்களே! மாட்டுக்குக் காணை வந்தா இதைத்தான் அரைச்சுப் பூசுவோம். இந்தப் பக்கம் இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"இது என்ன செடிங்க ஐயா?" என்றேன். அவர் ஒரு பேர் சொன்னார். மறுநாள் சமையல்கார அம்மா அதே இலையைப் பார்த்து வேறு பேர் சொன்னார். எங்கள் பேட்ச்சில் பன்னிரண்டு பேர்; ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஒரு கிளையை ஃபீல்டு புக்குக்குள் வைத்து ஊருக்குக் கொண்டு வந்தேன்.

பக்கத்துக் கலைக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பூ எங்கே? காய் எங்கே?" இரண்டும் இல்லை. "கட்டை விரலை மட்டும் கொண்டாந்து ஆள் யாருன்னு கேக்குற மாதிரி இருக்கே தம்பி!" என்று சிரித்தார். பிறகு என்னை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? கரிசலாங்கண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூ ஒன்று, மஞ்சள் பூ ஒன்று. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் பேரினமே வேறு. நாம் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். அதனால்தான் செடியையே சாட்சியாக வைக்கிறார்கள். பூவோ காயோ உள்ள கிளையை வெட்டி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து, மரச் சட்டங்களுக்கிடையே பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். முதல் சில நாள் தினமும் தாள் மாற்றணும். சோம்பேறித்தனப்பட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். காய்ந்ததும் பூச்சி அரிக்காமல் மருந்தில் நனைத்து, ஏறக்குறைய 42 செ.மீ.க்கு 28 செ.மீ. உள்ள கெட்டி அட்டையில் ஒட்டித் தைப்பார்கள். இதற்கு ஹெர்பேரியம் ஷீட் என்று பெயர்.

அட்டையின் ஓரத்தில் ஒட்டும் லேபிள்தான் உயிர். சேகரித்தவர் பெயர், அவருடைய வரிசை எண், தேதி, இடம், கடல் மட்டத்திலிருந்து உயரம், பூவின் நிறம், வாசனை, பால் வருமா என்ற குறிப்பு. காய்ந்தால் நிறமும் வாசனையும் போய்விடும் என்பதால் அங்கேயே நின்று எழுத வேண்டும். லேபிள் இல்லாத செடி வெறும் சருகு என்றார் அவர். எனக்கு உடனே உறைத்தது. ஸ்டேஷன் எண் எழுதாத ரீடிங்கும் அப்படித்தானே? ஒரு புதிய இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டிய ஷீட்டுக்கு 'டைப்' என்று பெயர். பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். நம் பாஷையில் பெஞ்ச் மார்க்!

நம் நாட்டில் இந்த வேலைக்கென்று 1890-ல் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. ஜார்ஜ் கிங் முதல் இயக்குநர். அதற்கு முன்பே ஹூக்கர் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக இந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதினார். நம் மெட்ராஸ் மாகாணத்துக்கு கேம்பிள் 1915-ல் ஆரம்பித்தார். அவர் இறந்த பிறகு ஃபிஷர் 1936-ல் முடித்தார். ஆனால் டைப் ஷீட்டுகள் பெரும்பாலும் கப்பலேறி லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்விட்டன. நம் ஊர்ச் செடியைச் சரிபார்க்க நாம் லண்டன் போக வேண்டிய நிலை! அதற்காகவே அங்கே ஓர் இந்தியத் தாவரவியலாளரைப் பல பத்தாண்டுகள் உட்கார வைத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் நேரு அழைத்து, ஜானகி அம்மாள் இந்த நிறுவனத்தைச் சீரமைக்க வந்தார். 1955-ல் கோவையில் தென்மண்டல அலுவலகம் வந்தது. அங்கேதான் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. நாட்டில் பூக்கும் தாவரங்கள் மட்டுமே 18,000-க்கு மேல். இன்னும் கணக்கு முடிந்தபாடில்லை.

"சரிங்க சார், இதெல்லாம் சிவில் பையனுக்கு எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது!

அவர் சொன்ன கதை இது. கர்நாடகத்தில் ஜோக் அருவிக்குப் பக்கத்தில் 1919-ல் ஒரு சின்னப் புல்லைச் சேகரித்தார்கள். அருவியின் சாரல் படும் ஈரப் பாறையில் வாழும் புல். பல வருடம் கழித்து, 1951-ல்தான் போர் என்பவர் அதற்கு ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்த கொஞ்ச காலத்திலேயே, 1964-ல், மேலே லிங்கனமக்கி அணை வந்தது. அருவித் தண்ணீர் மின்சாரத்துக்குத் திரும்பியது. பிறகு தேடிப் போனவர்களுக்குப் புல் கிடைக்கவில்லை. அழிந்துபோன இனம் என்றே எழுதிவிட்டார்கள். 2002-ல் மகாராஷ்டிரத்தின் திலாரி மலைப்பகுதியில், இதே மாதிரி ஈரப் பாறையில் திரும்பக் கண்டுபிடித்தார்கள். அதுதான் இது என்று எப்படித் தெரிந்தது? பழைய ஷீட் இருந்ததால். அந்த 1919 ஷீட் இல்லாவிட்டால் இப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் கான்கிரீட் போட்டிருப்போம். அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்குச் சோறு போடப்போவதே அதுதான்! ஆனால் 1994-லிருந்து பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை கட்டாயம். அதில் செடிகளின் பட்டியலும் உண்டு. ஷீட் இல்லாத பட்டியல், பெஞ்ச் மார்க் இல்லாத லெவல் மாதிரி. யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது.

கிளம்பும்போது சும்மா என் ஃபீல்டு புக்கைப் புரட்டிப் பார்த்தார். ஸ்டேஷன் எண், செயினேஜ், வலது பக்க ஆஃப்செட், ஆர்.எல்., தேதி எல்லாம் இருந்தது. ஆஃப்செட் பக்கத்தில் "புதர் – வெட்டப்பட்டது" என்று நானே எழுதியிருந்தேன். "அட, எங்க பசங்க 'மலை அடிவாரம்'னு எழுதிட்டு வந்துடுவானுங்க. நீ அடிக்கணக்கில வச்சிருக்கியே!" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை.

மழைக்குப் பிறகு நானும் இரண்டு நண்பர்களும் டேப்போடு போனோம். ஆணி அடித்த கல்லைக் கண்டுபிடித்து அளந்தோம். சரியாக அதே இடம். வெட்டிய கட்டை அப்படியே இருந்தது. அடியில் மூன்று துளிர். பெரியவர் முள் வெட்டிச் சுற்றி வேலி போட்டிருந்தார். என்னைப் பார்த்து எதுவும் பேசவில்லை. கையில் அரிவாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

பூ இன்னும் வரவில்லை. தை மாதம் பூக்கும் என்கிறார். மறுபடி போகிறோம். வர விருப்பமுள்ளவர்கள் இறுதியாண்டு சிவில் வகுப்பில் என்னைப் பார்க்கவும். பழைய செய்தித்தாள் நிறையக் கொண்டு வாருங்கள்.