எருமைக் கலப்பும் கன்றின் எடையும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நாட்டெருமையை முர்ராக் கடாவின் விந்தினால் சினைப்படுத்தும் விவசாயிகள் பாலின் லாபத்தை மட்டும் கருதலாகாது. சினைக்காலத்தையும் கன்றின் எடையையும் அறிந்திருத்தல் அவசியம்.

பசு சுமார் 280 நாட்களில் ஈனும். முர்ரா எருமை ஏறக்குறைய 310 நாட்கள் சுமக்கும். பிலிப்பைன்ஸ் முதலிய தேசங்களிலுள்ள சேற்றெருமைக்கு சுமார் 330 நாட்களாகும். அதனை முர்ராவுடன் கலக்கின் சினைக்காலம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு நிற்கும். கன்றோ தாயினக் கன்றினும் கனத்துப் பிறக்கும். கருவிலுள்ள கன்றின் ஜாதியும் ஈற்று நாளை ஓரளவு நிர்ணயிப்பதே காரணம். நமது நாட்டெருமை முர்ராவைப் போல ஆற்றெருமை வகுப்பினதாதலின், நாட்களில் பெரும் வேற்றுமை நேராது. எடையிலேயே வேற்றுமை காணும்.

கனத்த கன்று விரைவில் தேறும். எனினும் உடல் நிரம்பாத கிடேரிக்கு அதுவே ஈற்றில் அபாயமாகும். ஆகையால் தலையீற்றுக் கிடேரியை நன்கு வளர்ந்த பின்னரே சினைப்படுத்த வேண்டும். சினைப்படுத்திய தேதியைக் குறித்து வைத்து, பசுவின் கணக்கைக் கொள்ளாது, ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு பால் வற்றச் செய்து, பசும்புல்லும் மணிலாப் பிண்ணாக்கும் அளவறிந்து அளித்தல் நலம். பனிக்குடம் உடைந்தும் கன்று வெளிவரத் தாமதிக்கின், பலவந்தமாக இழுக்காமல் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.