சாதக அறையும் சபை மேடையும்

மிருதங்கம் பயிலும் இளைஞர்களோடு சிறிது காலம் பழகியவர்கள் எவரும் ஒரு மனக்குறையை அவர்கள் வாயிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள். சாதக அறையில் உட்கார்ந்து வாசிக்கையில் ஒவ்வொரு சொல்லும் மணிமணியாக விழுகிறது, மூன்று காலத்திலும் கை சளைக்காமல் ஓடுகிறது, எத்தனை சிக்கலான கோர்வையானாலும் இடம் தவறாமல் வந்து உட்காருகிறது. ஆனால் அதே கோர்வை சபை மேடையில் ரசிகர்களுக்கு முன்னால் வரும்போது நாதம் மழுங்கி, காலம் தடுமாறி, வேறு யாரோ வாசிப்பதைப் போல ஆகிவிடுகிறது என்பதே அந்தக் குறை. பெரியவர்கள் இதைக் கேட்டுவிட்டு, "சபைக்கூச்சம்தான், நாலு கச்சேரி வாசித்தால் தெளிந்துவிடும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவது வழக்கம். கூச்சம் இருப்பது உண்மை. நாலு கச்சேரிக்குப் பிறகு அது ஓரளவு தெளிவதும் உண்மை. ஆயினும் பல வருஷங்கள் மேடையேறிய பிறகும் இதைச் சொல்லி வருந்துகிற வித்வான்கள் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கும்போது, கூச்சம் என்ற ஒரு சொல்லுக்குள் பல காரணங்கள் பதுங்கியிருக்கின்றன என்றும், அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அந்தப் பிள்ளைகளின் மனோதைரியத்தை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது என்றும் தோன்றுகிறது.

மார்கழியில் சென்னைச் சபைகள் இளங்கலைஞர்களுக்கென்று ஒதுக்கும் பிற்பகல் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவர்கள் இது கண்ணெதிரே நடப்பதைக் காணலாம். அப்படி ஒரு கச்சேரியில், ஆதி தாளத்தில் ஒன்றரை இடத்து எடுப்புள்ள ஒரு கீர்த்தனைக்குப் பிறகு தனி ஆவர்த்தனம் விடப்பட்டது. அதாவது, தாளம் தொடங்கி ஒன்றரை அட்சரம் கழிந்த பிறகே பாட்டின் அடி எழும், ஆகவே மிருதங்கத்தின் கோர்வையும் கணக்காக அந்த இடத்தில் வந்து முடிந்து பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். வாசித்த பிள்ளைக்கு வயது இருபதுக்கு மேல் இராது. தொடங்குவதற்கு முன் உள்ளங்கைகளை வேஷ்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டான். பாடிய பெண் பிடித்திருந்த காலப்பிரமாணம் நல்ல சவுக்கம். கோர்வைக்கு முன் வரும் மோஹரா முடியும் வரையில் அதிலேயே நிலைத்து நின்றவன், கோர்வையில் நுழைந்ததும் தன்னை அறியாமலே காலத்தைத் தள்ளிக்கொண்டு போக, கணக்கில் ஒரு மாத்திரைகூடப் பிசகாமல் இருந்தும், அவள் கை தாளத்தில் அந்த ஒன்றரை இடத்தை எட்டுவதற்குள் கடைசித் 'தாம்' விழுந்துவிட்டது. வயலின் வாசித்தவர் நிலைமையைப் புரிந்துகொண்டு சற்றே நீட்டி எடுத்ததால் சபையில் பலருக்கு அது தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது. அதன் பிறகு பாடிய துக்கடாக்களில் அவன் தலை நிமிரவே இல்லை.

அவன் உடம்பில் நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். பலர் முன்னிலையில் பரீட்சைக்கு நிற்கும் எவருக்கும் உடல் தன்னை ஆபத்துக்கு ஆயத்தம் செய்துகொள்கிறது: அட்ரினலின் சுரக்கிறது, நாடி வேகமாகிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பப்பட்டு விரல் நுனிகள் குளிர்கின்றன, முன்கை இறுகுகிறது. ஓடுகிறவனுக்கும் பாரம் தூக்குகிறவனுக்கும் இது உபகாரம். மிருதங்கம் வாசிப்பவனுக்கோ பெரும் இடையூறு. ஏனெனில் வலந்தலையில் 'சாப்பு' கணீரென்று ஒலிப்பது விரல் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதைவிட, விழுந்த விரல் எவ்வளவு லேசாக எழுந்து விலகுகிறது என்பதையே பொறுத்தது. இறுகிய மணிக்கட்டு தோலின் மீது ஒரு கணம் தங்கிவிடுவதால், பிறந்த நாதத்தைத் தானே அமுக்கிவிடுகிறது. இடந்தலையில் எழும் கும்கி இன்னும் நுட்பமானது. உள்ளங்கையின் அடிப்பாகம் இடந்தலைத் தோலின் மேல் அளவான அழுத்தத்தோடு வழுக்கிச் செல்லும்போது மட்டுமே அந்தக் குமுறல் பிறக்கும், வேர்த்து விறைத்த கைக்கு அந்த அளவு பிடிபடாது. இவற்றோடு, பரபரப்புற்றவனுக்கு நிதானமான காலம் மந்தமாகத் தோன்றுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தப் பிள்ளையின் கோர்வை ஏன் ஓடியது என்பது விளங்கும். பரபரப்பு முற்றிலும் இல்லாத வாசிப்பு உயிரற்றிருக்கும் என்பதும் மறுக்க முடியாதது. 1908-ஆம் ஆண்டிலேயே யெர்க்ஸ், டாட்ஸன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில், தூண்டுதல் மிதமாக இருக்கையில் கடினமான வேலையும் நன்கு நடைபெறுகிறது, அளவு கடந்தால் குலைகிறது என்று கண்டார்கள்.

உடம்பைக் காட்டிலும் மனம் செய்யும் கெடுதல் பெரிது. வருஷக்கணக்கான சாதகத்தால் ஒரு சொற்கட்டு விரலுக்குள் இறங்கிவிட்ட பிறகு, மனம் அதில் தலையிடுவதில்லை. தலையிடாதிருப்பதே தேர்ச்சியின் லட்சணம். நடக்கிறவன் தன் காலடிகளை எண்ணத் தொடங்கினால் எப்படித் தடுக்குவானோ அப்படியே, 'தரிகிட' என்பதில் எந்த விரல் எப்போது விழுகிறது என்று கவனிக்கத் தொடங்கிய வாசிப்பாளனும் தடுக்குகிறான். சபையில் அத்தனை கண்கள் தன் கையைப் பார்க்கின்றன என்ற எண்ணமே அவனையும் தன் கையைப் பார்க்கச் செய்துவிடுகிறது. 2001-இல் சயன் பீலாக், தாமஸ் கார் என்ற மனோதத்துவ அறிஞர்கள், கால்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியை வைத்து இதைச் சோதித்தபோது, நெருக்கடியில் கை தவறுவதற்கு இந்த அதீத சுயகவனமே முக்கியமான காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பயிற்சிக் காலத்திலேயே காமிராவுக்கு முன் நின்று பழகியவர்கள், பிற்பாடு நெருக்கடி வந்தபோது தடுமாறவில்லை என்பதும் அவர்கள் கண்டது. பார்க்கப்படுவதும் ஓர் அப்பியாசமே என்பது இதனால் தெரிகிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் சாதகம் செய்பவனுக்கு எல்லாம் கிடைக்கலாம், அந்த ஓர் அப்பியாசம் மட்டும் கிடைக்காது.

இனி வாத்தியத்தின் சங்கதிக்கு வருவோம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். பியானோக்காரர் மேடையில் இருக்கும் அந்நிய வாத்தியத்தோடு மல்லாட வேண்டியிருக்கிறது என்று அனுதாபப்படுகிறோம். மிருதங்கக்காரர் தம்முடைய வாத்தியத்தையே தூக்கிக்கொண்டு வருகிறார், ஆனால் அது வந்து சேர்வதற்குள் வேறொரு வாத்தியமாக ஆகிவிடுகிறது. பலா மரத்துக் கட்டை, தோல், வார், கல்பொடியும் சோறும் கலந்து தேய்த்த கரணை, இடந்தலையில் அப்போதைக்கப்போது அப்பும் ரவை என்று அதன் அங்கங்களில் பெரும்பாலானவை காற்றின் ஈரத்துக்குக் கட்டுப்பட்டவை. சர் சி. வி. ராமன் 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், சாதாரண முரசுகளுக்கு இல்லாத ஸ்வர சுத்தம் நம் நாட்டுத் தாள வாத்தியங்களுக்கு வாய்த்திருப்பதற்கு, தோலின் நடுவே ஏற்றப்படும் அந்தக் கரும்பூச்சு அதிர்வுகளை ஆதார ஒலியின் மடங்குகளாக ஒழுங்குபடுத்துவதே காரணம் என்று நிரூபித்தார். அவ்வளவு சூட்சுமமான ஏற்பாடு, மார்கழி மழையின் ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கி, பிறகு குளிர்சாதன மண்டபத்தின் உலர்ந்த காற்றில் இறுகி ஏறுகிறது. அதுவும் விளிம்பைச் சுற்றி எல்லாக் கண்களிலும் ஒரே சீராக ஏறுவதில்லை. கல்லையும் கட்டையையும் வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு விளிம்பின் மூட்டைத் தட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்துச் சிலர் பொறுமையிழக்கிறார்கள். ரவை காய்ந்து இடந்தலை வறண்டு ஒலிக்கும்போது, வீட்டில் பழகிய கும்கி எங்கிருந்து வரும்?

ஒலியின் விஷயமும் இதைப் போன்றதே. பத்தடி அறையில் வாசிக்கும்போது சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் காதுக்கு வந்து, அடித்த அடியோடு ஒன்றாகக் கலந்து அதற்குச் செழுமை தருகிறது. அறையே வாசிப்பவனைப் புகழ்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். மண்டபத்தில் அப்படியில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இருபது மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் பட்டுத் திரும்பினால் நாற்பது மீட்டர், அதற்கு விநாடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு பிடிக்கும். அட்சரத்துக்கு ஒரு விநாடி என்ற நிதான காலத்தில் அட்சரத்துக்கு எட்டுச் சொல் வாசிப்பவனுக்கு, முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல் விழும் தருணத்தில் வந்து அதன் மேல் ஏறிக்கொள்கிறது. போதாததற்கு, ஒலிபெருக்கிகள் இடந்தலையை ஊதிப் பெருக்கி, வலந்தலையின் நயங்களைத் தேய்த்துவிடுகின்றன. தன் வாசிப்பு தனக்குக் கேட்காதபோது எவனும் பலமாக அடிக்கத்தான் செய்வான், பலமாக அடிக்க அடிக்க நயம் இன்னும் தேய்ந்துபோகும். மிருதங்க வித்வான்களில் முதன்முதலாக 1966-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற பாலக்காடு மணி ஐயர், ஒலிபெருக்கி இல்லாமல்தான் வாசிப்பேன் என்று பிற்காலத்தில் பிடிவாதமாக நின்றதைச் சிலர் ஒரு மேதையின் மனப்போக்கு என்று எண்ணினார்கள். தன் விரலுக்கும் தன் காதுக்கும் நடுவே மூன்றாவது ஒருவன் புகுந்து நாதத்தை மாற்றுவதை ஒப்பாத கலைஞனின் நியாயமான கோரிக்கையாகவே அதை நான் கருதுகிறேன்.

இத்தனையும் சரியாக அமைந்துவிட்டாலும் எஞ்சி நிற்கும் காரணம் ஒன்று உண்டு; மற்ற எல்லாவற்றையும்விட அதையே நான் பெரிதாக நினைக்கிறேன். மேல்நாட்டு டிரம்ஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் தம் குழுவினரோடு பலமுறை ஒத்திகை பார்த்த பாட்டுகளையே மேடையில் வாசிக்கிறார்கள். நம் கச்சேரி சம்பிரதாயத்தில் ஒத்திகை என்பது அரிது. பாடகர் என்ன பாடப்போகிறார், எந்தக் காலத்தில் எடுப்பார், எந்த அடியில் நிரவல் செய்வார் என்பதெல்லாம் பல சமயம் மேடையில்தான் பக்கவாத்தியக்காரருக்குத் தெரியவரும். ஆகவே மிருதங்கக்காரரின் உண்மையான உத்தியோகம் மற்றவரைக் கேட்பது. பாட்டின் கதியை அறிந்து சர்வலகுவாக அணைத்துச் செல்வதும், சங்கதி வளரும்போது கூடவே வளர்வதும், அனுபல்லவி முடியுமிடத்தில் அறுதியைச் சரியான கனத்தில் வைப்பதும், சில இடங்களில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பதும் அதில் அடங்கும். தனியறையில் இவற்றில் ஒன்றையாவது பயில வழியுண்டா? அங்கே கணக்கும் வேகமும் வளர்கின்றன, காது வளர்வதில்லை. அறையில் வாசித்தது மேடையில் வரவில்லை என்று வருந்தும் பிள்ளை, அறையில் தான் பயின்றது மேடைக்கு வேண்டியதில் ஒரு பகுதியே என்பதை அறியாமல் வருந்துகிறான்.

பழைய நாளில் இந்தக் குறை இவ்வளவாக இருந்திராது என்று நினைக்க இடமிருக்கிறது. மாணவன் குருவின் பின்னால் மேடையில் உட்கார்ந்தான். பஜனை மடத்திலும், கோயில் உற்சவத்திலும், ஹரிகதையிலும் வாசித்தான். மணி ஐயரே சிறு பையனாக இருக்கையில் ஹரிகதைக்கும் செம்பை வைத்தியநாத பாகவதரின் பாட்டுக்கும் வாசித்துத் தேறியவர்தான். பஜனையில் நூறு பேர் சேர்ந்து பாடும்போது காலம் ஓடும், நிற்கும், திடீரென்று திரும்பும். அதோடு இசைந்து போகப் பழகிய கைக்குக் கச்சேரி மேடை அந்நியமாக இராது.

இன்று அந்தச் சந்தர்ப்பங்கள் குறைந்துவிட்டமையால், சாதகத்தையே மேடைக்கு அருகில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒரே கோர்வையை ஐம்பது முறை தொடர்ந்து வாசித்தால் ஐம்பதாவது முறை அபாரமாக வரும். அந்த அபாரம் பெரும்பாலும் அன்றைக்கு மட்டும் உரியது. ஷே, மார்கன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் கை அசைவுப் பயிற்சிகளை வைத்துச் செய்த சோதனையில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தியிருந்தும், பலவற்றை மாற்றி மாற்றிக் கலந்து செய்தவர்களே பிற்பாடு நிலையாக நினைவில் வைத்திருந்தார்கள். நல்ல ஆசிரியர்கள் இதைச் சோதனைச்சாலை இல்லாமலே அறிந்திருக்கிறார்கள். மாணவன் தாளத்தின் தொடக்கமான சமத்துக்குப் பழகிய கோர்வையை, "இப்போ முக்கால் இடத்துக்கு வைடா, பார்ப்போம்" என்று எதிர்பாராத தருணத்தில் கேட்பார்கள். கை சூடாவதற்கு முன்பே, வந்து உட்கார்ந்த உடனே, ஒரே ஒரு முறை வாசிக்கச் சொல்வார்கள். அவனுக்குச் சௌகரியமான காலத்தைவிடச் சற்றுக் குறைத்துத் தாளம் போட்டுவிட்டு, ஓட விடாமல் பிடித்து நிறுத்துவார்கள். அண்டை வீட்டுக்காரர்களையும் பாடும் பிள்ளைகளையும் கூட்டி வைத்து வாசிக்கச் செய்வார்கள். மேடைக்கென்று தெரிந்ததில் பாதியை மட்டும் எடுத்துப் போகச் சொல்லும் ஆசிரியரும் உண்டு, அவர் சொல்வதில் மிகுந்த விவேகம் இருக்கிறது. கை நடுக்கத்துக்கு மாத்திரை விழுங்கும் வழக்கமும் சில நாடுகளின் சங்கீதக்காரர்களிடையே இருக்கிறது. இருதயத் துடிப்பை அடக்கும் அந்த மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால், வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடுவது பெரும் தவறு.

சபைகளுக்கும் இதில் கடமை உண்டு. பிற்பகல் கச்சேரிகளில் முன்னவர் இறங்கிய சில நிமிஷங்களுக்குள் அடுத்தவர் மேடையேறி, தம்பூராவும் மிருதங்கமும் சரியாகச் சேர்வதற்குள் திரை தூக்கப்பட்டு, வர்ணம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கிகள் திருத்தப்படுவதை அடிக்கடி பார்க்கிறோம். மேடைக்கு உண்டான அதே குளிர்ந்த காற்றில் வாத்தியம் ஓர் அரைமணி நேரம் இருந்து பழகுவதற்கு ஓர் இடம், சுருதி சேர்க்கக் கால்மணி அவகாசம், தனக்கு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று மிருதங்கக்காரப் பிள்ளை சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஒலியமைப்பாளர், இம்மூன்றையும் மாலைக் கச்சேரிப் பெரியவர்களுக்குக் கொடுப்பது போலவே இளையவர்களுக்கும் சபைகள் கொடுக்க வேண்டும்.