உங்களுக்குத் தெரியுமா? பன்றிக்கறிக்கும் அரசுக் கிடங்கு!

அரிசி, கோதுமையைப் போலச் சீன அரசு பன்றிக்கறியையும் உறையவைத்துச் சேமிக்கிறது. 2018 ஆகஸ்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அங்கே நுழைந்தது. மனிதருக்குத் தொற்றாது; ஆனால் ஒரு பன்றிக்கு வந்தால் பட்டியையே அழித்தாக வேண்டும். சுமார் 5.4 கோடி டன்னாக இருந்த பன்றிக்கறி உற்பத்தி, மறு ஆண்டே ஏறக்குறைய 4.25 கோடியானது. 2019 நவம்பரில் விலை இரு மடங்கைத் தாண்டியிருந்தது. அதற்குச் சற்று முன்பே, சீனத் தேசிய தினத்தையொட்டி, கிடங்கிலிருந்து 10,000 டன் ஏலம் விட்டார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி! பற்றாக்குறையால் இறக்குமதி பெருக, ஸ்பெயின் கறிக்கு யோகம் அடித்தது. ஜெர்மனிக்கோ, 2020 செப்டம்பரில் பிராண்டன்பர்க்கில் இதே நோயோடு செத்துக் கிடந்த ஒரு காட்டுப்பன்றியால் சீனச் சந்தையே மூடியது. சீனாவிலோ நல்ல விலையை நம்பிப் பலரும் பன்றி வளர்ப்பைப் பெருக்கினார்கள். 2021இல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. நோய்க்குத் தப்பிய சிறு விவசாயியை அந்த விலை விடவில்லை.