கோல்டன் அவர்: கையில் ஒரு மணி நேரம் இருக்கிறதா?

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பைக் சாய்ந்து கிடக்கிறது. ஓட்டி வந்த பையனின் தொடையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. சுற்றி இருபது பேர். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். இன்னொருவர் வீடியோ எடுக்கிறார். "போலீஸ் வரட்டும்ப்பா, நமக்கெதுக்கு வம்பு" என்கிறார் மூன்றாமவர். விவரம் தெரிந்த ஒருவர் தைரியம் சொல்கிறார்: "பதறாதீங்க, கோல்டன் அவர்னு ஒரு மணி நேரம் இருக்கு."

அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. விபத்து நடந்த பின் வரும் ஒரு மணி நேரத்தைத்தான் 'பொன்னான நேரம்' என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்கிற நமக்கு, பேங்க்கில் பணம் இருப்பது மாதிரி, அறுபது நிமிடம் முழுசாகக் கையில் இருப்பது போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ரத்தப்போக்கு பற்றி நடந்த பெரிய ஆய்வுகள் காட்டுவது வேறு.

உடம்பில் காயம் பட்டால் ரத்தம் உறைந்து அந்த ஓட்டையை அடைக்கிறது. அப்படி உறைந்ததைக் கரைக்கிற ஏற்பாடும் நம் உடம்பிலேயே இருக்கிறது. சாதாரண நாளில் அது நல்லது, ரத்தக் குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். பலத்த அடிபட்டவர்களில் பலருக்கு இந்தக் கரைக்கும் வேலை அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. ஒரு பக்கம் அடைப்பு உருவாக, இன்னொரு பக்கம் கரைந்துகொண்டே இருக்கும். இதைத் தடுக்கும் மருந்தின் பெயர் டிரானெக்ஸாமிக் ஆசிட். 1962-ல் இதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான உத்தாகோ ஒக்கமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் பெண்களைக் காப்பாற்றத்தான் அவர்கள் தேடினார்கள். விலை அதிகமில்லாத மருந்து. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறது என்று டாக்டரிடம் போன பெண்கள் பலர் இதை மாத்திரையாகவே சாப்பிட்டிருப்பார்கள்.

விபத்தில் அடிபட்டவருக்கு இது உதவுமா என்று உறுதியாகத் தெரிய 2010 வரை ஆனது. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் நடத்திய 'கிராஷ்-2' ஆய்வில் 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் சேர்க்கப்பட்டார்கள். நம் நாட்டு மருத்துவமனைகளும் அதில் உண்டு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. வெறும் திரவம் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் உலகம் முழுக்க ஒரு வருடத்தில் அடிபடுகிறவர்களைக் கணக்குப் போட்டால், அந்த ஒன்றரை சதவீதம் பல்லாயிரம் உயிர்.

அடுத்த வருடம் அதே கணக்கை நேரம் பார்த்துப் பிரித்தார்கள். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களுக்கு ரத்தப்போக்கால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மணி நேரம் தாண்டிய பிறகு கொடுத்தவர்களிடம் ஆபத்து கூடியது! காலையில் காப்பாற்றும் மருந்தே மத்தியானம் கெடுதல் செய்யலாம் என்றால் பாருங்கள்.

2018-ல் இந்த ஆய்வையும், பிரசவ ரத்தப்போக்கு பற்றிய இன்னொரு ஆய்வையும் சேர்த்து 40,138 பேரின் விவரங்களை அலசினார்கள். மருந்தைத் தாமதிக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அதன் பலனில் சுமார் 10 சதவீதம் போய்விடுகிறது என்று தெரிந்தது. பொன்னான நேரம் அறுபதாவது நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி முதல் நிமிடத்திலிருந்தே ஒழுகுகிறது.

எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ஊசி போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனி நாடுகளில் மருத்துவமனைக்குப் போகும் முன்பே இதைக் கொடுத்துப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் மாதத்தில் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து, பிறர் துணை அதிகம் தேவைப்படாமல் நல்லபடியாக வாழ்பவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மருந்தோடு அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றுவது, தீவிர சிகிச்சை எல்லாம் சேர வேண்டும்.

அந்தக் கால் மணி நேரம் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போடுவோம். எட்டு மணிக்கு விபத்து. யார் போன் பண்ணுவது என்று பார்த்துக்கொண்டு நிற்பதில் பத்து நிமிடம். ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் தெரிந்த கிளினிக்குக்குப் போவதில் கால் மணி. "இங்க வசதி இல்லைங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லக் கேட்டுத் திரும்புவதில் இன்னும் அரை மணி. ஒன்பது மணி நெருங்கிவிட்டது, ஊசி இன்னும் ஏறவில்லை. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. முதல் போன் தாமதமானது, முதல் இடம் தப்பானது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் 108. யாராவது பண்ணியிருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே பண்ணுங்கள். இரண்டு பேர் பண்ணினாலும் தப்பில்லை. இடம் சொல்லும்போது மேப் ஆப்பைத் திறந்து பக்கத்து ஊர், பெட்ரோல் பங்க், கிலோமீட்டர் கல் எண், எந்தப் பக்கத்துச் சாலை என்பதைச் சொல்லுங்கள். "பைபாஸ்ல, ஒரு டீக்கடை தாண்டி" என்றால் வண்டி தேடி அலையும். வண்டியில் வரும் மருத்துவ உதவியாளருக்கு எந்த மருத்துவமனையில் என்ன வசதி என்று தெரியும். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, நாமே தூக்கிப் போகலாமா என்று தோன்றினால், அதையும் 108-ல் பேசுபவரிடமே கேளுங்கள்.

வண்டி வரும்வரை ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்காமல் அதைச் சுற்றி அழுத்துங்கள். தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். மயக்கத்தில் புரையேறும், அறுவை சிகிச்சைக்கும் இடைஞ்சல். கழுத்தை அசைக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். மேலே சொன்ன மருந்தை மாத்திரையாக வாங்கி வாயில் போடும் வேலையும் வேண்டாம். அது ரத்தக் குழாய் வழியாக ஏற வேண்டிய மருந்து.

வம்பு வருமா? 2019 சட்டத் திருத்தத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புத் தருகிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

பணம்? தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. லாரி டிரைவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கேஷுவாலிட்டிக்குள் போன பிறகு ஒரு கோபம் வரும். "நாங்க முதல்ல வந்தோம், பின்னாடி வந்தவரை ஏன் உள்ளே கூட்டிட்டுப் போறீங்க?" அவசர சிகிச்சைப் பிரிவில் வருகிறவர்களை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உயிர் போகிற நிலை. கை ஒடிந்து அலறுகிறவர் மஞ்சளாக இருக்கலாம். சத்தமே இல்லாமல் வெளிறிக் கிடப்பவர் சிவப்பாக இருப்பார், உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். அந்த 15 நிமிடக் கணக்கு அங்கேயும் ஓடுகிறது. காத்திருக்கும்போது உங்கள் ஆள் வெளிறினால், வியர்த்தால், பேச்சு குழறினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், நிறம் மாறும்.

இதைப் படித்து முடித்ததும் போன் செட்டிங்ஸில் 'அவசரத் தகவல்' என்ற பகுதியைத் திறந்து ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டாரின் எண் மூன்றையும் நிரப்புங்கள். லாக் திறக்காமலே மற்றவர்களால் பார்க்க முடியும். இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதன் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். அடிபட்டு மயங்கிக் கிடக்கும்போது டாக்டர் முதலில் தேடும் விவரங்களில் அது ஒன்று. அப்பா, அம்மா போனிலும் நீங்களே உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள், அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.